புதுவையில் பாரதி: புலமை மரபினின்று விலகிய பத்தாண்டுகள் (1908–1918)

சுப்பிரமணிய பாரதியின் கவிதைகளுள் முதலில் அச்சேறியது தனிமை இரக்கம். 1904ஆம் ஆண்டு ஜூலையில் மதுரையிலிருந்து வெளிவந்த விவேகபாநு இதழில் அது இடம்பெற்றது. பிரிவுத் துயரைப் பாடும் அக்கவிதை அகவல் நடையில் அமைந்தது. புலமை மிக்கார்க்கே எளிதில் பொருள்படும் சொற்சேர்க்கையால் ஆனது. பின்னர் அதே கவிஞர் புதுவையில் எழுதிய காட்சி, ஓலைப்பந்தலின் மூங்கிற் கழியில் மிஞ்சித் தொங்கும் ஒரு சாண் கயிற்றுக்குப் பெயர் சூட்டி அதனோடு உரையாடுகிறது. அங்கே சீரும் தளையும் இல்லை. எதுகை தேடிய தடயமும் இல்லை. ஒரே கவிஞரின் எழுத்தில் இத்தகைய தொலைவு ஏற்பட்டது எவ்வாறு என்னும் வினா, பாரதியின் வாழ்க்கை வரலாற்றைப் புதுவையை மையமாகக் கொண்டு மீண்டும் நோக்கத் தூண்டுகிறது.

இவ்வினாவிற்கு இருவகை விடைகள் வழக்கில் உள்ளன. நாட்டு விடுதலை வேட்கை அவரை மக்கள் மொழிக்குக் கொண்டுவந்தது என்பது ஒன்று. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் தாக்கம் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு; எனினும் இரண்டும் போதா. விடுதலை வேட்கை சிந்தும் கும்மியும் பாடச் செய்யும். யாப்பையே கைவிடச் செய்யவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. விட்மனைப் படித்த இந்தியர் பலர். அவர்களுள் காட்சியை எழுதியவர் ஒருவரே. புதுவை அளித்த வாழ்நிலையையும், அங்கே பாரதி மேற்கொண்ட பழநூற் பயிற்சியையும் சேர்த்துக் காணும்போதே விடை தெளிவுபெறுகிறது.

அரசவைப் புலமை

1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, ஐந்து வயதில் தாயை இழந்தார். தந்தை சின்னசாமி ஐயர் மகனை ஆங்கிலக் கல்வியின் வழியே செலுத்த விழைந்தார். மகனோ சமஸ்தானப் புலவர்களின் அவையை நாடினார். பதினொன்றாம் வயதில் அவ்வவையினரே அவருக்குப் பாரதி என்னும் பட்டத்தை வழங்கினர். ஈற்றடி கொடுத்துப் பாடச்செய்தல், சிலேடை, விரைந்து பாடும் ஆற்றல் ஆகியவற்றைக் கொண்டு கவிஞனை அளவிட்ட அவை அது. 1898இல் தந்தை மறைந்தபின் காசிக்குச் சென்று அத்தையார் இல்லத்தில் தங்கிப் பயின்ற பாரதி, மீண்டும் எட்டயபுரம் திரும்பி மன்னரின் ஆதரவிலேயே சில காலம் வாழ்ந்தார். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை தமிழாசிரியராகப் பணியாற்றியதும் இப்புலமையின் பயனே.

எனவே பாரதியை மரபறியாத புதுமையாளர் என்று எவரும் கூற இயலாது. பின்னாளில் அவர் விலகிச் சென்றது, தாமே பட்டம் பெற்ற அவையிலிருந்து. பழந்தமிழ்ப் புலமையின்மீது அவருக்கு வெறுப்பும் இருந்ததில்லை. உ.வே. சாமிநாதையர் 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் பெற்றபோது அவரைப் போற்றிப் பாடியவர் அவர். ஓவியர் இரவிவர்மா அதே ஆண்டில் மறைந்தபோது இரங்கற்பா இயற்றியவரும் அவரே. ஐரோப்பியக் கல்விக்கூட மரபின் எண்ணெய் வண்ண ஓவியத்தை இந்தியப் புராணங்களுக்குப் பயன்படுத்திய இரவிவர்மாவை இருபத்து மூன்று வயதுப் பாரதி வியந்து பாடியிருப்பது, அக்காலத்தில் அவர் கலைநோக்கு எந்நிலையில் இருந்தது என்பதைக் காட்டும்.

1904 நவம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் சேர்ந்தமை முதல் திருப்பம். நாள்தோறும் தந்திச் செய்திகளைத் தமிழாக்கும் பணி, அவை கற்பிக்காத ஒன்றைக் கற்பித்தது: இன்று எழுதியது நாளை முகமறியாத ஒருவரால் படிக்கப்படும் என்னும் உணர்வு. பின்னர் அவர் பொறுப்பேற்ற இந்தியா வார இதழ், அரசியல் கேலிச்சித்திரத்தைத் தமிழ் இதழியலில் நிலைநிறுத்தியது. எழுத்தறியாதவரும் கருத்தறிய வழிசெய்த அச்சித்திரங்களைப் பாரதியின் எளிமைத் தேட்டத்தின் முதற் சான்றாகக் கொள்ளலாம்.

பிரெஞ்சு எல்லைக்குள்

1908இல் இந்தியா இதழின் சட்டப்படியான ஆசிரியர் சீனிவாசன் கைதுசெய்யப்பட்டார். அடுத்து பாரதி கைதாவார் என்ற நிலையில் நண்பர்கள் அவரைப் புதுவைக்கு அனுப்பினர். அங்கே பிரெஞ்சுக் குடியரசின் சட்டம் நடந்தது. 1881ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் எண்ணிப்பார்க்க இயலாத அளவு அச்சுரிமையை அளித்தது. மண்டயம் குடும்பத்தாரின் முயற்சியால் அதே அக்டோபரில் இந்தியா புதுவையிலிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது. விஜயா, சூரியோதயம், கர்மயோகி எனப் பிற இதழ்களும் தொடர்ந்தன. ஆயினும் வாசகர்கள் இருந்தது எல்லைக்கு அப்பால். பிரிட்டிஷ் அரசு இதழ்கள் உள்ளே நுழைவதைத் தடுத்தது. 1910 மார்ச்சில் இந்தியா நின்றது. அச்சிடும் உரிமை இருந்தது, அச்சிட்டதைப் படிப்பவர்பால் சேர்க்க வழியில்லை. இம்முரண் அடுத்த எட்டாண்டுகளில் பாரதியின் எழுத்தைத் தீர்மானித்தது எனலாம்.

1911 ஜூனில் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர்ப் புதுவையில் ஒற்றர்கள் பெருகினர். கடிதங்கள் இடைமறிக்கப்பட்டன; பணவிடைகள் வந்துசேருவது அரிதாயிற்று. பாரதியின் கனவு, ஆறில் ஒரு பங்கு ஆகிய இரு நூல்களையும் சென்னை அரசு தடைசெய்தது. அயல்நாட்டார் ஊர்ப் பெரியோர் ஐவரின் சான்றுடன் பதிவுசெய்துகொள்ளவேண்டும் எனப் பிரெஞ்சு நிர்வாகம் விதித்தபோது, உள்ளூர்ச் செல்வரான சங்கரச் செட்டியார் போன்றோர் முன்வந்து ஏதிலிகளைக் காத்தனர். ஈசுவரன் தருமராசா கோயில் தெரு வீட்டில் மனைவி செல்லம்மா, மகள்கள் தங்கம்மா, சகுந்தலா ஆகியோருடன் பாரதி வறுமையில் வாழ்ந்தார்.

புரவலரும் இல்லை, இதழும் இல்லை, மதிப்பிடும் அவையும் இல்லை. எட்டயபுரத்தில் மன்னரின் செவிக்காகவும் சென்னையில் இதழ் வாசகருக்காகவும் எழுதிய கவிஞர், புதுவையில் எவருக்காகவும் எழுதவேண்டாத நிலையை அடைந்தார். இழப்பாக வந்த இந்நிலையே அவர் கலைக்கு வாய்ப்பாகவும் அமைந்தது. பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, புதிய ஆத்திசூடி, காட்சி ஆகிய அனைத்தும் இங்கே பிறந்தன.

அவர் தனித்திருந்தார் என்பதற்கில்லை. 1910 ஏப்ரல் 4ஆம் நாள் அரவிந்தர் புதுவை வந்தார். அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் வந்துசேர்ந்தார். ஐயர் திருக்குறளை ஆங்கிலத்தில் ஆக்கி 1916இல் வெளியிட்டார். தமிழ்ச் சிறுகதையின் தொடக்கமாகப் பேசப்படும் குளத்தங்கரை அரசமரம் 1915இல் வெளியானது. அரவிந்தரின் ஆர்யா இதழ் 1914 ஆகஸ்டில் தோன்றியது. வருங்காலக் கவிதையைப் பற்றி 1917 இறுதி முதல் அதில் அவர் எழுதிய தொடர் கட்டுரைகள் விட்மனையும் கட்டற்ற யாப்பையும் ஆராய்ந்தன. ஒரு சிறு கடற்கரை நகரின் சில தெருக்களுக்குள், அரசியல் ஏதிலிகள் சிலர் ஒரே காலத்தில் சிறுகதை, மொழிபெயர்ப்பு, கவிதைக் கொள்கை, யாப்பிலாக் கவிதை ஆகிய நான்கிலும் முயன்றுகொண்டிருந்தனர். தமிழ் இலக்கிய வரலாறுகள் இவற்றைத் தனித்தனி அதிகாரங்களில் வைப்பதால் இவ்வொருமை கண்ணில் படாமற் போகிறது.

முகவுரையே அறிக்கை

ஐரோப்பாவில் கலைமரபை உடைத்தவர்கள் குழுவாக நின்றே உடைத்தனர். அரசுசார் கண்காட்சியால் புறக்கணிக்கப்பட்ட ஓவியர்கள் 1874இல் பாரிசில் தமக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தினர். 1909 பிப்ரவரியில் மரினெட்டி தம் எதிர்காலவாத அறிக்கையைப் பாரிசின் லெ ஃபிகாரோ நாளிதழில் வெளியிட்டார். அருங்காட்சியகங்களையும் நூலகங்களையும் அழிக்கவேண்டும் என்பது அதன் முழக்கங்களுள் ஒன்று. பாரதி புதுவையிலிருந்து இந்தியாவை நடத்திய அதே மாதங்கள் அவை. இவ்வொப்பீடு காலத்தைச் சுட்டுவதற்கே, தாக்கத்தை நிறுவுவதற்கன்று. பாரதியின் வழி வேறு.

1912இல் வெளிவந்த பாஞ்சாலி சபதம் முதற்பாகத்தின் முகவுரையை அவ்வழியின் அறிக்கையாகக் கொள்ளவேண்டும். எளிய பதங்கள், எளிய நடை, எளிதில் உணரத்தக்க சந்தம், பொதுமக்கள் விரும்பும் மெட்டு ஆகியவற்றைக் கொண்டு காவியம் செய்பவரே தாய்மொழிக்குப் புத்துயிர் தருபவர் என அங்கே பாரதி வரையறுக்கிறார். ஓரிரண்டு ஆண்டு நூற்பழக்கமுடைய தமிழருக்கும் விளங்கவேண்டும் என்பதை அளவுகோலாக வைக்கும் அவர், காவியத்துக்குரிய நயங்கள் குறையவும் கூடாது என்கிறார். இரண்டாவது நிபந்தனையே முதன்மையானது. எளிமையைத் தரக்குறைவாகக் கருதிய புலமை மரபுக்கு மறுமொழி அதிலேயே உள்ளது.

அந்நூலின் காணிக்கையும் கருதத்தக்கது. அது மன்னருக்கோ வள்ளலுக்கோ உரியதாக்கப்படவில்லை. தமிழில் இனித் தோன்றவிருக்கும் கவிஞர்களுக்கும் அவர்க்குத் துணைநிற்போர்க்கும் உரியதாக்கப்பட்டுள்ளது. பாட்டுடைத் தலைவனின் இடத்தில் பிறவாத கவிஞன் வந்து அமர்வது தமிழ் நூன்மரபில் எளிய மாற்றமன்று.

காவியத்தின் வடிவில் பாரதி கையாண்ட உத்தி, புலவர் தாழ்வாகக் கருதியதை உயர்பொருளுக்கு ஏற்றுதல். தெருப்பாடகரின் நொண்டிச் சிந்து வியாசரின் கதையைச் சுமக்கிறது. ஔவையின் ஆத்திசூடி வடிவம் புதிய ஆத்திசூடியில் முற்றிலும் வேறான அறத்தைக் குழந்தைக்குக் கற்பிக்கிறது. அறம் செய்தலில் தொடங்குகிறது ஔவையின் நூல், அச்சத்தை விலக்குதலில் தொடங்குகிறது பாரதியின் நூல். மணக்குள விநாயகர்மீது பாடிய நான்மணிமாலை, வெண்பா, கலித்துறை, விருத்தம், அகவல் என இலக்கணம் கூறும் நால்வகையையும் பிழையின்றிப் பின்பற்றும் சிற்றிலக்கியம். ஆனால் அதனுள் பக்தனின் வேண்டுதல் உலகத்து உயிர்கள் அனைத்தின் நலத்தையும் தன் பொறுப்பாக ஏற்கும் அளவுக்கு விரிகிறது. ஆழ்வார் பாசுரங்களின் நாயகன் நாயகி பாவத்தைக் கண்ணன் பாட்டு தோழன், சேவகன், சீடன், குழந்தை, காதலி எனப் பல உறவுகளுக்கு நீட்டுகிறது. தெய்வத்தைக் கூலிக்கு வந்த வேலைக்காரனாகக் காணும் துணிவு அதில் உண்டு. பரலி சு. நெல்லையப்பர் 1917இல் அதனை வெளியிட்டார். 1919இல் வந்த இரண்டாம் பதிப்பிற்கு வ.வே.சு. ஐயர் முன்னுரை எழுதினார்.

குயில் பாட்டில் நிகழ்வது இன்னும் நுட்பமானது. 744 அடிகள் கொண்ட அக்கனவுக் கதை கலிவெண்பாவில் அமைந்தது. முத்தியாலுப்பேட்டையில் கிருஷ்ணசாமிச் செட்டியாருக்குரிய மாந்தோப்பு அதன் களம் என்பர். குயில், குரங்கு, மாடு எனச் செல்லும் காதற் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, இதற்கு வேதாந்தப் பொருள் விரித்துரைக்க இடமிருந்தால் கூறுங்கள் எனத் தமிழ்ப் புலவர்களைக் கவிஞர் வேண்டுகிறார். உரையாசிரிய மரபை நோக்கிய இப்புன்சிரிப்பு அப்புலவர்களுக்குரிய யாப்பிலேயே சொல்லப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது. வேண்டுகோளை உண்மையென ஏற்றுத் தத்துவவுரை எழுதியோரும் பின்னர்த் தோன்றினர்.

இந்நோக்கு கவிதையோடு நிற்கவில்லை. சங்கீத விஷயம் என்னும் கட்டுரையில், வித்துவான்கள் தமக்கும் கேட்போர்க்கும் பொருள் விளங்காத சில கீர்த்தனங்களையே ஊர்தோறும் பாடிவருவதைப் பாரதி கண்டிக்கிறார். தமிழில் புதிய கீர்த்தனங்கள் வேண்டும், பாட்டில் நவரசமும் தோன்றவேண்டும் என்கிறார். பயின்றதைத் திரும்பச் சொல்லுதலே வித்தை எனக் கருதும் மனநிலையையே அவர் எதிர்த்தார். அது செய்யுளில் இருந்தாலும் இசையில் இருந்தாலும் ஒன்றே.

காட்சி

இன்று தொகுப்புகளில் வசன கவிதை என்னும் தலைப்பில் இடம்பெறும் காட்சி, இன்பம், புகழ் என்னும் கிளைகளையும் ஞாயிறு, சக்தி, காற்று, கடல் முதலிய பகுதிகளையும் உடையது. இதனை விட்மனின் வழிவந்ததாக மட்டும் காண்போர் அப்பெயர்களையே உற்றுநோக்கலாம். ஞாயிற்றையும் காற்றையும் நீரையும் முன்னிலைப்படுத்திப் போற்றுவது ரிக்வேதப் பாடல்களின் முறை. அரவிந்தரோடு சேர்ந்து பாரதி வேதத்தைப் பயின்ற காலமும் புதுவைக் காலமே. பகவத்கீதையையும் பதஞ்சலி யோகசூத்திரத்தின் ஒரு பகுதியையும் அவர் தமிழாக்கியதும் அப்போதுதான். வேதப் பாடலைப் பிற்காலக் காவிய இலக்கணத்தின் துணையின்றி நேரே கேட்டவருக்குக் கவிதையின் உயிர் யாப்பில் மட்டும் இல்லை என்பது புலப்பட்டிருக்கும்.

விட்மன் இதற்கு உறுதி அளித்தார். நகரம் என்னும் கட்டுரையில் பாரதி அவரை அறிமுகப்படுத்தி, அவர் பாடல்கள் எதுகை மோனை தளை இன்றி வசனம்போல் நடப்பதையும், கவிதை பொருளின் தன்மையிலேயே இருப்பதாக அவர் கொண்டதையும் எடுத்துக்காட்டுகிறார். 1916இல் சுதேசமித்திரனில் எழுதிய ஜப்பானியக் கவிதை என்னும் கட்டுரையில், நொகுச்சியின் எழுத்தைத் துணைக்கொண்டு ஹொக்கு எனும் மிகக்குறுகிய வடிவத்தை விளக்குகிறார். கூறாமல் விடுவதே கவிதையின் திறன் என்னும் கருத்தை அங்கே அவர் பாராட்டுவது, சொற்பெருக்கில் பயிற்சி பெற்ற ஒருவரிடமிருந்து வருவதால் கூடுதல் மதிப்புடையது. வேதத்தின் விளி, விட்மனின் வரி, ஜப்பானியரின் சுருக்கம் ஆகிய மூன்றும் காட்சியில் கலந்துள்ளன. ஆயினும் அதன் தமிழ் எவரிடமிருந்தும் கடன் பெற்றதன்று.

காற்றைப் பற்றிய பகுதியில் வரும் கயிற்றுக் கதை இதற்குச் சான்று. தென்னோலைப் பந்தலில் தொங்கும் கயிறுகளுக்குக் கந்தன், வள்ளியம்மை எனப் பெயர்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் எந்தக் கணவன் மனைவிக்கும் பொருந்தும் பெயர்கள் அவை. அதேவேளை முருகனையும் வள்ளியையும் நினைவூட்டுபவை. கயிறுகள் அசைகின்றன, விளையாடுகின்றன, கவிஞரிடம் பேச்சுக் கொடுக்கின்றன. காற்று நின்றவுடன் வெறுங் கயிறாகின்றன. அதன்பின் காற்றே தெய்வமாய் வந்து தானே உயிர் என உணர்த்துகிறது. உபநிடதம் பிராணனைப் பற்றிக் கூறுவதை வீட்டுமாடிப் பந்தலில் வைத்துச் சொல்லும் முறை இது. வாக்கியங்கள் மிகக் குறுகியவை. திண்ணைப் பேச்சின் கேள்வி பதிலாக நகர்பவை. யாப்பை நீக்கியபின் எஞ்சும் ஒலியைப் பேச்சுமொழியின் இயல்பான மூச்சிலிருந்து பாரதி பெற்றுள்ளார். அகவல் ஓசையில் ஊறிய செவிக்கே இத்தகைய வாக்கிய அமைதி கைவரும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். யாப்பறியாதார் எழுதும் யாப்பிலாக் கவிதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

1916 நவம்பரில் புதுவையைப் பெரும்புயல் தாக்கியது. அதனை நேரிற்கண்ட பாரதி அவ்வனுபவத்தைக் கணவன் மனைவி உரையாடலாக யாப்பில் பாடினார். யாப்பிலாக் கவிதையை எழுதத் தொடங்கியபின் யாப்பை அவர் துறந்துவிடவில்லை. பொருளுக்கு எது தேவையோ அதனை எடுத்தார். மரினெட்டியின் கூட்டத்தாரிடமிருந்து அவரைப் பிரிப்பது இதுவே: நூலகத்தை எரிப்பதற்கு மாறாக, அதன் மிகப் பழைய அலமாரியைத் திறந்தார்.

இயக்கமாகாத இயக்கம்

இவ்வுடைப்புக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1915ஐ ஒட்டிச் சுதேசமித்திரன் மீண்டும் அவர் எழுத்துகளை வெளியிட்டதும், சுப்பிரமணிய சிவாவின் ஞானபாநு இடமளித்ததும் ஓரளவு ஆறுதல். ஆனால் குயில் பாட்டு நூலாக வந்தது 1923இல்; பாஞ்சாலி சபதம் இரண்டாம் பாகம் 1924இல். இரண்டையும் நூலாகக் காண ஆசிரியர் உயிரோடு இல்லை.

1918 நவம்பர் 20ஆம் நாள் புதுவையை விட்டுப் புறப்பட்ட பாரதி கடலூரருகே கைதாகி, டிசம்பரில் விடுதலையானார். கடையத்தில் வாழ்ந்த காலத்தில், 1920இல், தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 படிகள் வீதம் அச்சிடத் திட்டமிட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல் அந்நூல்கள் எளிதாக விற்கும் என அதில் நம்பிக்கை தெரிவித்தார். பொருளுதவி கிட்டவில்லை. பாஞ்சாலி சபத முகவுரையில் கண்ட பொதுவாசகரை அவர் இறுதிவரை நம்பினார். அவரைச் சென்றடையும் வாய்ப்பே அமையவில்லை. 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிறைவதற்கு முன், திருவல்லிக்கேணியில் காலமானார்.

பின்வந்த விவாதங்களும் அவர் வடிவப் புதுமையை உடனே கண்டுகொள்ளவில்லை. 1930களில் பாரதி மகாகவியா என்னும் வினா எழுந்தபோது, வ.ரா. ஒருபுறமும் கல்கி மறுபுறமும் நிற்க, வாதம் தேசியக் கவிஞர், உலகக் கவிஞர் என்னும் தர வரிசையைச் சுற்றியே நடந்தது. கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய கண்ணன் என் கவி, அவ்விவாதத்தைக் கவிதையியல் பக்கம் திருப்பிய நூல்.

வடிவ உடைப்பின் வழித்தோன்றல்கள் எங்கே தோன்றினர் என்பது வியப்பளிக்கும் செய்தி. புதுவையிலேயே பாரதிக்கு நேர்ச் சீடர் இருந்தார். கலவைக் கல்லூரியில் மரபிலக்கணம் கற்றுத் தமிழாசிரியரான கனக சுப்புரத்தினம், திருமண வீடொன்றில் பாரதி இருப்பதை அறியாமலே அவர் பாடலைப் பாடி அறிமுகமானவர். பின்னர்ச் சக்தியைப் பற்றி அவர் இயற்றிய பாடலைப் பாரதி தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் பாடல் எனக் குறித்துச் சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். பாரதிதாசன் எனப் பெயர் பூண்ட அவர் சாதி, சமயம், பெண்ணடிமை ஆகியவற்றில் குருவினும் கடுமையாக மரபை எதிர்த்தார். ஆனால் எண்சீர் விருத்தத்தை விடவில்லை. 1938இல் வெளிவந்த பாரதிதாசன் கவிதைகள் முதல் தொகுதியின் ஆற்றலில் பெரும்பகுதி அவ்விருத்தத்தின் ஓசையிலிருந்தே பிறக்கிறது. புதுவை, பாரதியின் பொருட்புரட்சியை வளர்த்தது, காட்சியை வளர்க்கவில்லை. அதனைக் கையில் எடுத்தவர் கும்பகோணத்தைச் சேர்ந்த ந. பிச்சமூர்த்தி. விட்மனின் புல்லின் இதழ்களையும் அதன்பின் பாரதியின் வசன கவிதையையும் படித்த ஊக்கத்தால், 1934இல் மணிக்கொடியில் காதல் என்னும் கவிதையை அவர் எழுதினார். அதன்பின்னும் கால் நூற்றாண்டு கடந்து, 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து இதழின் பக்கங்களில்தான் அவ்வடிவம் பலர் கூடிய இயக்கமாயிற்று; 1962இல் புதுக்குரல்கள் தொகுப்பு வந்தது. பாஞ்சாலி சபதத்தின் காணிக்கை தமக்கு உரியது எனக் கொள்ளத்தக்க கவிஞர்கள் அத்தொகுப்பில் இருந்தனர்.